ஏழாண்டுக் கையெழுத்து

மருத்துவப் படிப்பின் முழுச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் குறிப்பிட்ட ஆண்டுகள் படை மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்ற கடமையை மாணவர்மேல் வைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் அந்த ஏற்பாட்டின் இருப்பிடம் புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. ஏ.எஃப்.எம்.சி. என்ற சுருக்கப்பெயரால் மாணவரும் பெற்றோரும் அறிந்திருக்கும் இக்கல்லூரியில் ஆண்டுக்கு 150 பேர் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்க்கப்படுகின்றனர், அவர்களுள் 5 பேர் நட்பு நாடுகள் அனுப்புபவர்கள், எஞ்சிய 145 இடங்களில் 115 மாணவருக்கும் 30 மாணவியருக்கும் உரியவை. தில்லியில் இராணுவ நலக் கல்விச் சங்கம் நடத்தும் மருத்துவக் கல்லூரியோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் பலர். அது இராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகக் கட்டணம் பெற்று நடத்தப்படுவது; அங்குப் படித்தவர் படையில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. புனேயில் படிப்பவருக்கோ அந்தக் கட்டாயந்தான் படிப்பின் அடித்தளம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஏப்ரல் 3 அன்று, பலவாகப் பிரிந்து கிடந்த மருத்துவப் பணிகளை ஒன்றுசேர்த்து இந்திய இராணுவ மருத்துவப் படை உருவாக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், புகழ்பெற்ற மருத்துவரும் பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சராக நெடுங்காலம் இருந்தவருமான பி.சி. ராய் தலைமையில் அமைந்த குழு, முப்படைகளின் மருத்துவப் பணிகளையும் ஆய்வையும் ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்ததன் விளைவாக, 1948 மே 1 அன்று இக்கல்லூரி நிறுவப்பட்டது. ஆனால் அது அப்போது ஏற்கெனவே மருத்துவராக இருந்த அதிகாரிகளுக்கு மேற்பயிற்சி தருமிடமாகவே இருந்தது. வெளியில் படித்து முடித்தவர்களைப் படைக்கு ஈர்ப்பது எளிதாக இல்லாத நிலையில், பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களையே எடுத்து மருத்துவராக்கும் இளநிலைப் பிரிவு 1962 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது என்பதை எண்ணும்போது, அந்த முடிவு எவ்வளவு தேவையான நேரத்தில் எடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இக்கல்லூரியை நாடும் குடும்பங்களில் பெரும்பாலானவை முதலில் பேசுவது கட்டணத்தைப் பற்றித்தான். கல்விக் கட்டணம் இல்லை, விடுதிக்குப் பணம் இல்லை, உணவும் சீருடையும் அரசினுடையவை என்ற செய்தி, தனியார் கல்லூரியின் நிர்வாக இடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக் களைத்துப்போன தந்தைக்குப் பெரும் ஆறுதலாகவே ஒலிக்கும். எனினும், இக்கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு நீட் மதிப்பெண் எடுத்த மாணவருக்குத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு பெரிது. அங்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. ஆகவே, செலவு மிச்சம் என்பது புனேக்குப் போவதற்கு ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போதிய காரணமாகாது. அந்தக் கல்லூரியில் படித்துப் படைப்பிரிவுகளில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியபின் இக்கட்டுரையை எழுதுபவர் உறுதியாகக் கூறக்கூடியது ஒன்று உண்டு: அரசு அங்கே ஒருவரின் படிப்புக்குச் செலவிடவில்லை, அவருடைய இருபதுகளை முன்பணம் கொடுத்து வாங்குகிறது. இந்த வாங்கலில் தவறு ஏதுமில்லை. விற்பவர் அறிந்து விற்க வேண்டும் என்பதே முக்கியம்.

சேர்க்கை நீட் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. முதற்கட்டத்தில் தெரிவானவர்கள் புனேக்கு வரவழைக்கப்பட்டு, ஆங்கில மொழியறிவு, புரிதல், தர்க்கம் ஆகியவற்றைச் சோதிக்கும் கணினித் தேர்வையும், உளவியல் மதிப்பீட்டையும், நேர்முகத் தேர்வையும் எதிர்கொள்கின்றனர். அந்த ஆங்கிலத் தேர்வில் அரைமணி நேரத்தில் 40 வினாக்கள். உயிரியலில் சிறந்த மதிப்பெண் பெற்று, ஆங்கிலத்தைப் பாடமாக மட்டுமே படித்து வந்த சிற்றூர் மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இதற்குப் பின் மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு, காது கேட்பதில் சிறு குறை, வளைந்த முழங்கால் என்று வீட்டில் யாரும் ஒருபோதும் பொருட்படுத்தாத ஒன்று அங்கே தகுதியின்மையாகிவிடுகிறது. மருத்துவம் படிக்கத் தடையில்லாத உடல், படையில் பணியாற்றத் தடையாக இருக்கலாம் என்பது பதினெட்டு வயதில் கேட்கக் கடினமான செய்தி. ஊரிலேயே ஒரு கண் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் முன்கூட்டிக் காட்டிக்கொள்வது அந்த வலியைப் பெரிதும் குறைக்கும்.

கல்லூரி வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடற்கூறியல் உடற்கூறியல்தான், மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் அதே பாடத்திட்டம், அதே தேர்வுகள். வேறுபாடு மாணவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘மெடிக்கல் கேடட்’ என்ற சொல்லிலும், அதற்கேற்ற உடற்பயிற்சி, அணிவகுப்பு, தலைமுடி, நேரம் ஆகியவற்றிலும் இருக்கிறது. கேடட் என்பவர் இன்னும் அதிகாரி அல்லர், ஆனால் வெறும் மாணவரும் அல்லர். இறுதித் தேர்வில் தேறியதும் அவர் தரைப்படையில் லெப்டினன்டாகவோ, கடற்படையிலும் வான்படையிலும் அதற்கு இணையான பதவியிலோ நியமனம் பெறுகிறார். இதனையே ‘கமிஷன்’ என்பர். நியமன அணிவகுப்பு நடைபெறும் திடல், 1994இல் காஷ்மீரில் உயிரிழந்து கீர்த்தி சக்கரம் பெற்ற இக்கல்லூரியின் முன்னாள் மாணவர் கேப்டன் தேவாஷிஷ் சர்மாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சீருடையில் முதல் வணக்கம் செலுத்தும் இடத்திலேயே அந்தப் பெயரைப் படிக்க நேர்வது நல்ல ஏற்பாடு. அதன்பின் படை மருத்துவமனைகளில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அது முடிந்ததும் கேப்டன் பதவி. ஏழாவது ஊதியக் குழுவின்படி கேப்டனின் அடிப்படை ஊதியம் 61,300 ரூபாயில் தொடங்குகிறது. அதனுடன் படைப்பணி ஊதியமாக 15,500 ரூபாயும், தனியார் மருத்துவம் பார்க்காமலிருப்பதற்காக அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடும், பிற படிகளும் சேர்கின்றன.

இனி, பிணைப்பத்திரம். ‘பாண்டு’ என்று எல்லோரும் சொல்லும் இந்த ஒப்பந்தத்தில் மாணவரோடு பெற்றோரும் கையெழுத்திடுகின்றனர். குறுகிய காலப் பணி பெறுவோர் ஏழு ஆண்டுகள் படையில் இருந்தாக வேண்டும். நிரந்தரப் பணி பெறுவோருக்கு அது வாழ்நாள் தொழில். இடையில் விலக விரும்புவோர் பெருந்தொகை கட்ட வேண்டும். ஒப்பிட்டு நோக்கினால், அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்பு முடிவுக்கு வரவிருந்த சூழலில், 1972இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இருவகை வழிகளைத் திறந்தது: படைக்கென்றே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தை நிறுவியது; அதனுடன், மாணவர் தாம் விரும்பிய கல்லூரியில் படிக்க, கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் படை கொடுக்கும் உதவித்திட்டத்தையும் அமைத்தது. அவ்வுதவித்திட்டத்தில், உதவி பெற்ற ஆண்டுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் பணிக்கடமை அமைகிறது. வெளியில் படித்தவர் பட்டத்துக்குப் பிறகே படையைப் பார்க்கிறார். புனேயில் படித்தவர் படையிலேயே வளர்கிறார். வெளியில் படிக்கும் வழி மாணவருக்கு உரிமை மிகுதியாகத் தருகிறது. புனேயின் வழி, தாம் எதற்கு உடன்பட்டோம் என்பதைப் படிக்கும்போதே அவருக்குக் காட்டிவிடுகிறது. இவ்விரண்டில் பின்னதே நேர்மையானது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஏழு ஆண்டுகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதே சொல்ல வேண்டிய பகுதி. இளம் கேப்டன் பலரும் ஒரு காலகட்டத்தில் படைப்பிரிவொன்றின் மருத்துவ அதிகாரியாக, அதாவது ‘ஆர்.எம்.ஓ.’வாக, அனுப்பப்படுகின்றனர். பல நூறு வீரர்களுக்கு அவர் ஒருவரே மருத்துவர், துணைக்குச் சில மருத்துவ உதவியாளர்கள், இடம் ‘எம்.ஐ. ரூம்’ எனப்படும் பரிசோதனை அறை, எல்லையோரத்தில் அது பெரும்பாலும் ஒரு பதுங்குகுழியின் பாதி. மருத்துவமனையில் பயின்றவர் நோயாளியை எதிர்பார்த்துப் பழகியவர். இங்கோ அவருடைய பொறுப்பில் இருப்பவர்கள் நலமாக இருப்பவர்கள். அவர்கள் நலமாகவே நீடிப்பதுதான் வேலை. காலையில் நோய்வரிசையில் நிற்கும் பத்துப் பேரைப் பார்த்து முடித்தபின், சமையற்கூடத்தின் இறைச்சி, கழிப்பிடக் குழி, வீரர்களின் பாதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் என்று அவருடைய நாள் நகர்கிறது.

ஹாராக்ஸ் கருவி என்பதைச் சமூக மருத்துவப் பாடத்தில் படிக்காத எம்.பி.பி.எஸ். மாணவர் இல்லை, செய்முறைத் தேர்வில் மேசைமேல் வைக்கப்படும், இரண்டு மதிப்பெண்ணுக்கு விடை சொல்லிவிட்டு மறந்துவிடும் பெட்டி அது. அதனுள் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், உட்புறம் கோடிட்ட ஒரு கருப்புக் கிண்ணம், மட்டமாக நிரப்பினால் சரியாக 2 கிராம் சலவைத்தூள் பிடிக்கும் கரண்டிகள், கண்ணாடிக் குச்சிகள், மாவும் அயோடைடும் கலந்த நிறங்காட்டிக் கரைசல். கருப்புக் கிண்ணத்தில் தூளைக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றிய தண்ணீரில் முதலாவதில் ஒரு துளி, இரண்டாவதில் இரு துளி என்று ஏற்றிக்கொண்டே போய், அரைமணி நேரம் காத்திருந்து, நிறங்காட்டியை விட வேண்டும். எந்தக் கிண்ணத்தில் முதன்முதலாகத் தெளிவான நீலம் தோன்றுகிறதோ, அந்த எண்ணிக்கையுள்ள கரண்டித் தூள் 455 லிட்டர் தண்ணீருக்குத் தேவை. மூன்றாம் கிண்ணமென்றால் மூன்று கரண்டி, 6 கிராம். மலையோடை ஒன்றிலிருந்து தண்ணீர் ஏற்றப்படும் முகாமில், விரல் விறைக்கும் குளிரில், அந்த நீலம் இரண்டாவதிலா மூன்றாவதிலா என்று கூர்ந்து பார்க்கும் கேப்டனுக்கு, தவறிப்போனால் ஒரு கம்பெனி முழுவதும் வயிற்றுப்போக்கில் படுத்துவிடும் என்பது தெரியும். எந்த அறுவை சிகிச்சையும் கற்றுத்தராத ஒரு பொறுப்புணர்வை அந்த ஆறு கிண்ணங்கள் கற்றுத்தருகின்றன. மருத்துவத் தொழிலின் பெருமை இதிலும் இருக்கிறது என்பதை ஏற்க இயலாதவர் இந்த வழிக்கு வர வேண்டாம்.

தமிழ் மாணவருக்கு இங்கே வேறொரு பாடமும் காத்திருக்கிறது. கல்லூரியின் மொழி ஆங்கிலம். முகாமின் மொழி இந்தி. நாற்பது வயது ஹவில்தார் ஒருவர் வந்து ‘கப்ராஹட்’ என்று மட்டும் சொல்லி மார்பில் கைவைக்கும்போது, அது பயமா, இதயத் துடிப்பா, மூச்சுத் திணறலா என்று எந்தப் பாடநூலும் சொல்லாது. நம் ஊரில் ‘படபடன்னு வருது’ என்பவரும் இந்த மூன்றில் எதையும் குறிக்கலாம் என்பதும், அங்கே செய்வதுபோலவே இங்கேயும் நாடியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதும் சில மாதங்களில் விளங்கிவிடும். 1758இல் தொடங்கும் வரலாறு உடைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒன்றுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு சிலருக்குக் கிடைக்கும். வேலூர்ப் பக்கத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த சிப்பாய்கள், ஊர்த் தமிழில் தங்கள் நோயையும் அதற்குப் பின்னாலிருக்கும் வீட்டுக் கவலையையும் சேர்த்துச் சொல்லும்போது, அந்த மருத்துவர் அதுவரை தாம் எவ்வளவு செய்தியைத் தவறவிட்டிருப்போம் என்று உணர்வார்.

படை மருத்துவரின் மிகக் கடினமான பணி நோயைக் கண்டறிவதன்று, தகுதியை முடிவு செய்வது. ஒவ்வொரு வீரருக்கும் ‘ஷேப்’ என்ற ஒரு மருத்துவ வகைப்பாடு உண்டு; ஐந்து ஆங்கில எழுத்துகளாலான அச்சொல் முறையே மனநலம், செவித்திறன், கைகால்கள், உடல்வலிமை, பார்வை ஆகியவற்றைக் குறிக்கும்; முழுத் தகுதி உடையவர் ‘ஷேப் ஒன்று’. அந்த எண் இறங்கினால் பணியிடம் மாறலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். ஆகவே நோயை மறைப்பவர்களும் உண்டு, இல்லாத நோயைச் சொல்பவர்களும் உண்டு. இருவருமே பெரும்பாலும் குடும்பத்துக்காகவே அப்படிச் செய்கின்றனர். வெளியில் மருத்துவர் நோயாளிக்கு மட்டுமே கடமைப்பட்டவர். இங்கே அவருக்கு நோயாளியும் உண்டு, அந்த நோயாளியை நாளை ரோந்துக்கு அனுப்ப வேண்டிய தளபதியும் உண்டு. இருவரையும் ஒரே நேர்மையோடு பார்ப்பதற்கு எந்தப் பயிற்சி முகாமும் முழுமையாகத் தயார்ப்படுத்துவதில்லை.

உயர்மலைப் பகுதியில் இந்த இருமுனைக் கடமை உயிர்ப் பிரச்சினையாகிறது. 1962க்குப் பின் சமவெளியிலிருந்து லடாக்குக்கு வேகமாக ஏற்றப்பட்ட வீரர்கள் பலர் மலைநோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 1,925 பேரை ஆராய்ந்து இந்தர் சிங்கும் அவருடைய இந்தியப் படை மருத்துவச் சகாக்களும் எழுதிய கட்டுரை 1969இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்து, இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. இத்தகைய அனுபவத்தின் வழியே வகுக்கப்பட்ட உயரப் பழக்கமுறைப்படி, 9,000 அடிக்கு மேல் செல்வோர் முதற்கட்டத்தில் 6 நாள்களும், 12,000 அடிக்கு மேல் 4 நாள்களும், 15,000 அடிக்கு மேல் மீண்டும் 4 நாள்களும் படிப்படியாகப் பழக வேண்டும். முதல் இரு நாள் முழு ஓய்வு. விடுமுறையில் ஊர் சென்று திரும்பியவருக்கும் பழக்கமுறை உண்டு. முன்பே அந்த உயரத்தில் இருந்தவர் என்பதால் நுரையீரல் அவரை நினைவில் வைத்திருப்பதில்லை.

இக்கட்டுரையாளர் பணியாற்றிய படைப்பிரிவு ஒன்றில், ஆள் பற்றாக்குறையின் காரணமாக, விடுமுறையிலிருந்து திரும்பிய சிலரை இரண்டு நாள் முன்னதாகவே மேல்முகாமுக்கு அனுப்பும்படி மூத்த அதிகாரி ஒருவர் கேட்டார். எழுத்தில் மறுப்பதற்குப் பதிலாக, இளம் மருத்துவ அதிகாரி வாயளவில் தயக்கம் தெரிவித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். அந்த இளம் அதிகாரி இக்கட்டுரையாளரே. மேலே சென்ற மறுநாள் இரவு, அவர்களுள் ஒரு சிப்பாய்க்கு வறட்டிருமல் தொடங்கி, விடியற்காலையில் படுக்கவும் முடியாத மூச்சுத்திணறலாயிற்று. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தால் ஈரத் துணியைக் கிழிப்பதுபோன்ற ஒலி, கைக்குட்டையில் இளஞ்சிவப்பு நுரை. உயரத்தால் நுரையீரலில் நீர்கோக்கும் இந்நோயைப் படையில் ‘ஹேப்போ’ என்பர். ஆக்சிஜன் கொடுத்து, காற்றேற்றி உள்ளழுத்தத்தைக் கூட்டும் நீண்ட பையினுள் அவரைக் கிடத்தி, பனிமூட்டம் விலகி ஹெலிகாப்டர் வரும்வரை மிதியடிப் பம்பை உதவியாளர்கள் முறைவைத்து மிதித்தனர். சிப்பாய் பிழைத்தார். தளபதி முடிவெடுப்பவர், மருத்துவர் ஆலோசகர் மட்டுமே என்பது விதி. ஆனால் அந்த ஆலோசனையை எழுத்தில், கையெழுத்துடன், நேரம் குறித்துக் கொடுக்கும் உரிமையும் கடமையும் இருபத்தைந்து வயது கேப்டனுக்கும் உண்டு. பதவியில் மூன்று படி மேலிருப்பவரிடம் ‘முடியாது, ஐயா’ என்று பணிவோடு எழுதிக்கொடுப்பது, இப்பணி கேட்கும் துணிச்சல்களில் முதன்மையானது.

இந்தப் பணியை முழுமையாக ஏற்றவர்கள் எவ்வளவு உயரம் சென்றனர் என்பதற்குத் தமிழர்க்கு நெருக்கமான சான்றுகள் உண்டு. பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கியிருந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், புனேயில் இளநிலைப் பிரிவு தொடங்குவதற்கு முன்பே, கொரியப் போரில் 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் முன்சானில் தம் குழுவினரோடு குதித்து மகாவீர் சக்கரம் பெற்றார். திருப்பதியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த பத்மாவதி சுவாமிநாதன், இக்கல்லூரியில் படித்து 1968இல் வான்படையில் சேர்ந்து, பத்மா பந்தோபாத்யாய் என்ற பெயரில் நாட்டின் முதல் பெண் ஏர் மார்ஷலானார். அவருடைய காலத்தவரான புனிதா அரோரா, இதே கல்லூரியில் பயின்று, 2004இல் தரைப்படையின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரலாகி, அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

இழப்புகளும் உண்மையானவை. வெளியில் உடன்படித்த நண்பர் பட்டம் பெற்றவுடன் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு இரண்டாண்டு உட்கார்ந்து படிக்கும் காலத்தில், படை மருத்துவர் எல்லை முகாமில் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுநிலைக்கு அவரும் அதே நீட் தேர்வை எழுத வேண்டும், ஆனால் சில ஆண்டுப் பணிக்குப் பிறகு. ஊரில் அப்பாவின் மருத்துவமனையை எடுத்து நடத்த வேண்டியவர், வயதான பெற்றோரின் ஒரே பிள்ளை, ஒரு குறிப்பிட்ட சிறப்புத்துறையைத் தவிர வேறெதையும் விரும்பாதவர் ஆகியோருக்கு ஏழாண்டு மிக நீண்டது. பதினெட்டு வயதில் எவருக்கும் இருபத்தைந்து வயதின் கணக்குத் தெரியாது. அதனால்தான் கையெழுத்திடும் பெற்றோர் அதனைச் செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வேலூர், மதுரை, கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் முன்னாள் படையினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் இருக்கின்றன, அவற்றில் ஓய்வுபெற்ற படை மருத்துவர்கள் பணிபுரிவதும் உண்டு. கலந்தாய்வில் புனேயை விருப்பமாகப் பதிவு செய்யுமுன், பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு முற்பகல் அங்கே சென்று, அவர்களிடம் கட்டணத்தைப் பற்றிக் கேட்காமல், கேப்டனாக இருந்த முதல் குளிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளையே அந்தப் பதிலைக் கேட்கட்டும். பிணைப்பத்திரத்தில் அதன்பிறகு கையெழுத்திடலாம்.